தோட்டக்காரன்னு நெனச்சுட்டாங்க: உயிர்த்தெழுதல் இல்லாம ஏன் கிறிஸ்தவம் இல்ல?

மலேசியாவுல எங்க ஊர் சுங்கை சிப்புட்ல ஈஸ்டர் அன்னிக்கு காலையில அஞ்சரைக்கு கெளம்புனா நல்ல இருட்டாத்தான் இருக்கும், நம்ம பக்கம் சூரியன் ஏழு மணி தாண்டித்தான் தலை காட்டும். பழைய தோட்டத்து கல்லறைக்குப் போற மண் ரோட்டுல ரெண்டு பக்கமும் செம்பனை, ராத்திரி மழை பேஞ்சிருந்தா லாரி டயர் பதிஞ்ச குழியிலெல்லாம் தண்ணி நிக்கும். இந்த தடவ என் மோட்டார் ஸ்டார்ட் ஆகல, அதனால கூட வேலை செய்யற தம்பி ஒருத்தன் அவன் காடியில, அதான் கார்ல, என்னையும் அம்மாவையும் ஏத்திக்கிட்டு வந்து விட்டான். அவன் இந்து, தைப்பூசத்துக்கு காவடி எடுக்கறவன். வந்தவன் போகாம காடியில சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்தான், முப்பது பேரு கையில மெழுகுவத்தியோட சமாதிங்களுக்கு நடுவுல நின்னு பாட்டு பாடறத.

திரும்பி வர்றப்ப கேட்டான். "அண்ணே, கோச்சிக்காதீங்க. உங்க பாட்டி அந்த குழியிலேருந்து நெசமாவே எந்திரிச்சு வருவாங்கன்னு நம்புறீங்களா, இல்ல அது ஒரு பேச்சுக்கு சொல்றதா? மறுபிறவி மாதிரியா?"

பின் சீட்டுலேருந்து அம்மா "நம்புறோம்யா"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டாங்க. நான்தான் நீட்டி முழக்கி எதையோ சொல்லி உளறிட்டேன். அதான் இப்ப உட்கார்ந்து கொஞ்சம் பொறுமையா எழுதுறேன். நான் பாஸ்டர் இல்ல, வேதாகம கல்லூரி பக்கம் ஒதுங்குனவனும் இல்ல, தமிழ்ச் சபையில கடைசி பெஞ்சுல உட்கார்ந்து வளர்ந்தவன், அவ்ளோதான்.

முதல்ல ஒண்ண ஒத்துக்கணும், நம்ம சபைங்கள்லயே ஈஸ்டருக்கு ரெண்டாவது எடம்தான். தீபகற்ப மலேசியாவுல பெரிய வெள்ளிக்கு பொது விடுமுறை கெடையாது, சபாவுலயும் சரவாக்குலயும் மட்டும்தான் உண்டு, இருந்தாலும் ஆளுங்க சொந்த லீவு போட்டுட்டு வருவாங்க, மூணு மணி நேரம் உட்கார்ந்து சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையையும் கேட்டு, அழுது, வெளிய வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போவாங்க. ஞாயித்துக்கிழமை பாத்தா அந்தக் கூட்டத்துல பாதி இருக்காது. நம்ம சனத்துக்கு சாவு வீட்டுல என்ன செய்யணும்னு யாரும் சொல்லித்தர வேணாம், ஒப்பாரி ரத்தத்துலயே ஊறிப்போனது. ஆனா பொதைச்ச ஆளு மூணாம் நாள் வந்து கதவத் தட்டுனா என்ன செய்யறதுன்னு யாருக்கும் தெரியாது. முதல் சீஷர்களுக்கும்தான் தெரியல.

ஆரம்ப காலத்து அப்போஸ்தலர் பவுல் கொரிந்து பட்டணத்து சபைக்கு எழுதுன முதல் கடிதத்துல, 15ஆம் அதிகாரத்துல, ஒரு எடத்துல ரொம்ப வெளிப்படையா பேசுறாரு. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், நீங்க இன்னும் உங்க பாவத்துலதான் இருக்கீங்க, இந்த ஒலகத்தோட முடிஞ்சிடுற நம்பிக்கைன்னா எல்லா மனுஷரையும் விட நாமதான் பரிதாபப்பட வேண்டியவங்கன்னு சொல்றாரு. அதாவது இந்த ஒண்ணு பொய்யின்னா மிச்சத்த மூட்டை கட்டி வச்சிடலாம்ங்கறாரு. ஏன், இயேசுவோட போதனை மிஞ்சாதா, பகைவனை நேசி, ஏழைக்கு குடு, மன்னின்னு? மிஞ்சும்தான். ஆனா நல்லது சொன்ன பெரியவங்களுக்கு நமக்கு என்ன பஞ்சம், இன்னா செய்தாரை எப்படி வெக்கப்பட வைக்கணும்னு தமிழ்ப்பள்ளி ரெண்டாம் வகுப்பு புள்ளைக்கே தெரியும். ஒரு நல்ல வாத்தியாரு அநியாயமா செத்தாருங்கறது சோகம், அது நற்செய்தி கெடையாது.

சரி, தம்பி கேட்ட மறுபிறவிக்கு வர்றேன். மறுபிறவின்னா உயிர் இந்த ஒடம்ப பழைய சட்டை மாதிரி கழட்டிப்போட்டுட்டு வேற ஒடம்புக்குப் போறது. உயிர்த்தெழுதல் அதுக்கு நேர் எதிர் தெசை, சட்டைய கழட்டிப்போடறதுக்கே எடமில்ல, இதே ஆளு, இதே ஒடம்பு, ஆனா இனிமே சாவு தொட முடியாத மாதிரி மாத்தப்பட்டது. ஆவி, பேய் சமாச்சாரமும் இல்ல. லூக்கா 24ல சீஷர்களே அத ஆவின்னுதான் நெனச்சு நடுங்குறாங்க, அதுக்கு இயேசு செஞ்ச காரியம் எனக்கு ரொம்பப் புடிக்கும், பெரிய விளக்கமெல்லாம் குடுக்கல, சாப்பிட ஏதாச்சும் இருக்கான்னு கேட்டு பொரிச்ச மீன் துண்டு வாங்கி அவங்க கண்ணு முன்னாலயே தின்னாரு.

இன்னொரு குழப்பம், செத்தவரு திரும்ப உயிரோட வர்றதும் இதுவும் ஒண்ணுன்னு நெனைக்கிறது. அது நம்ம ஊர் கதையிலயும் இருக்கு. மயிலாப்பூர்ல சிவநேசச் செட்டியாரோட மக பூம்பாவை பாம்பு கடிச்சு செத்து, எரிச்ச சாம்பலையும் எலும்பையும் கொடத்துல வச்சிருந்தாங்க, திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவ எழுந்து வந்தாங்கறது பெரியபுராணம். பைபிள்ல லாசரு நாலு நாள் கல்லறையில கெடந்து வெளிய வந்தாரு, நாயீன் ஊர் விதவையோட மகன் பாடையிலேருந்து எந்திரிச்சான். இவங்க எல்லாரும் போன அதே வாழ்க்கைக்குத் திரும்பி வந்தவங்க, லாசருவுக்கு மறுபடியும் வயசாகியிருக்கும், மறுபடியும் செத்திருப்பாரு, ரெண்டாவது தடவ ஒப்பாரி வச்சிருப்பாங்க பாவம். லாசரு கட்டுன துணியோட வெளிய வந்தாரு, யாராச்சும் அவுத்து விட வேண்டியிருந்துச்சு. இயேசுவோட கல்லறையில துணி அங்கயே கெடந்துச்சு, தலையில சுத்துன துணி தனியா சுருட்டி வச்சிருந்துச்சுன்னு யோவான் எழுதுறாரு. அந்த ஒரு விவரத்துலயே வித்தியாசம் தெரிஞ்சிடும், ஒருத்தருக்கு அந்த துணி திரும்ப வேணும், இன்னொருத்தருக்கு வேணவே வேணாம். (மயிலாப்பூர்னு சொன்னதும் ஞாபகம் வருது, தொட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சொன்ன தோமாவைப் பொதைச்ச எடம்னு சாந்தோம்ல காட்டுறதும் அதே மயிலாப்பூர்லதான்.)

யூதங்க இந்த வார்த்தைய புதுசா கேட்கல. கி.மு. 167 வாக்குல அந்தியோக்கு ராஜா யூத மதத்த அழிக்கப் பாத்த காலத்துல ஏழு அண்ணன் தம்பிங்கள அவங்க அம்மா முன்னாலயே சித்ரவதை செஞ்சு கொன்னது கத்தோலிக்க பைபிள்ல ரெண்டாம் மக்கபேயர் புத்தகத்துல வருது, எங்க புராட்டஸ்டன்ட் பைபிள்ல அந்தப் புத்தகம் கெடையாது. அதுல மூணாவது பையன் வெட்டுறதுக்கு தன் கையை நீட்டிக்கிட்டே சொல்றான், இது கடவுள் குடுத்தது, அவர்கிட்டேருந்தே திரும்ப வாங்கிக்குவேன்னு. உயிர்த்தெழுதல் நம்பிக்கை ஆறின நேரத்துல யாரோ திண்ணையில உட்கார்ந்து யோசிச்ச தத்துவம் இல்ல, கையை இழந்தவன் கை கேட்ட கேஸ். அநியாயமா செத்தவனுக்கு கடவுள் என்ன பதில் சொல்லுவாருங்கற கேள்வியிலேருந்து வந்தது. பரிசேயருங்கன்னு ஒரு யூதக் கூட்டம், அவங்க இத நம்புனாங்க, கோயில் அதிகாரத்துல இருந்த சதுசேயருங்க நம்பல. வசதியா இருக்கறவனுக்கு இந்த ஒலகம் போதும்னு எனக்குத் தோணும், அது என் குசும்பு.

ஆனா அப்படி நம்புனவங்க கூட கடைசி நாள்ல எல்லாரும் ஒண்ணா எழுந்திருப்பாங்கன்னுதான் நம்புனாங்க. காலம் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே, ரோமாபுரி இன்னும் ஆட்சியில இருக்கறப்பவே, ஒரே ஒரு ஆளு மட்டும் முன்னாடியே எழுந்துட்டாருங்கறது யாரும் எதிர்பாக்காத சேதி. பவுல் அதுக்கு ஒரு நல்ல வெவசாய வார்த்தை வச்சிருக்காரு, முதற்பலன். பொங்கலுக்கு முன்ன மொதக் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டாருவாங்கல்ல, அது ஒரு கட்டுதான், ஆனா வயல்ல மிச்சம் வெளைஞ்சிருக்குன்னு சொல்ற கட்டு. இயேசு அந்த கட்டு. அதனாலதான் கல்லறையில நின்னு பாடுறோம், மிச்சம் அங்கதான படுத்திருக்கு.

இதெல்லாம் நடந்துச்சுங்கறதுக்கு என்ன சாட்சி? இருக்கறதுலயே பழசு அந்த 15ஆம் அதிகாரம்தான், சுமாரா கி.பி. 55ல எழுதுனது, சிலுவை சம்பவம் 30 இல்லன்னா 33. அதுல பவுல் ஒரு பட்டியல் குடுக்குறாரு, கேபாவுக்கு அதாவது பேதுருவுக்கு தரிசனமானாரு, அப்புறம் பன்னிரண்டு பேருக்கு, அப்புறம் ஒரே சமயத்துல 500க்கும் மேல உள்ள சகோதரருக்கு, அதுல நெறைய பேரு இன்னும் உயிரோட இருக்காங்க, அப்புறம் யாக்கோபுக்கு, அப்புறம் எல்லா அப்போஸ்தலருக்கும், கடைசியா எனக்கு. இது நான் வாங்கிக்கிட்டத உங்களுக்குக் குடுக்குறேன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கிறாரு, அப்ப அவருக்கு முன்னாடியே மனப்பாடமா சொல்லிக்கிட்டு இருந்த வாசகம். கலாத்தியருக்கு எழுதுனதுல, மனம் மாறி மூணு வருஷம் கழிச்சு எருசலேம் போய் பேதுரு வீட்டுல 15 நாள் தங்குனேன், யாக்கோபையும் பாத்தேன்னு சொல்றாரு. அந்த 15 நாளும் தட்பவெப்பம் பத்தியா பேசியிருப்பாங்க?

அந்தப் பட்டியல்ல பொம்பளைங்க பேரு ஒண்ணு கூட இல்ல. ஆனா நாலு சுவிசேஷத்துலயும் கல்லறைக்கு மொதல்ல போனது பொம்பளைங்கதான். அந்த காலத்து யூத சரித்திர ஆசிரியர் ஜோசீபஸ் பொம்பளைங்க சாட்சிய ஏத்துக்கக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்காரு. ரெண்டாம் நூற்றாண்டுல செல்சஸ்னு ஒரு கிரேக்கரு கிறிஸ்தவங்கள கிண்டல் பண்றப்ப, யாரு பாத்தது, ஒரு பித்துப்புடிச்ச பொம்பளைதானேன்னு கேக்குறாரு. அப்ப கதை கட்டணும்னு நெனைக்கிறவன் சாட்சிக்கூண்டுல முதல் ஆளா மகதலேனா மரியாள நிறுத்துவானா? பேதுருவையோ பணக்காரரு அரிமத்தியா யோசேப்பையோ நிறுத்தியிருப்பான். சீஷர்களே அவங்க சொன்னத வீண்பேச்சுன்னு தள்ளிட்டாங்கன்னு லூக்கா மறைக்காம எழுதுறாரு. கத்தோலிக்க சபையில மகதலேனா மரியாளோட நினைவு நாளை அப்போஸ்தலருங்களுக்கு சமமான திருநாளா ஒசத்துனது 2016லதான், போப் பிரான்சிஸ் காலத்துல. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு பொண்ணு சொன்னத மதிச்சாங்கன்னு வச்சுக்குங்களேன்.

யோவான் சொல்றாரு, அவ போனப்ப இன்னும் இருட்டோடன்னு. இந்த எடத்துல எனக்கு எப்பவும் பாட்டிதான் ஞாபகம் வரும். ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேலைக்கு இருட்டோட போகணும், குளிர்ந்த நேரத்துல சீவுனாத்தான் பால் நல்லா ஓடும், வெயில் ஏறுனா கொறைஞ்சிடும். நாலு மணிக்கு எழுந்து சமைச்சு, புள்ளைய பாத்துக்கற ஆயக்கொட்டாய்ல விட்டு, ஆள் கணக்கு எடுக்கற பெரட்டுக்கு நின்னு, நெத்தியில வெளக்க கட்டிக்கிட்டு மர நிரைக்குள்ள போற பொம்பளைங்க. அந்த இருட்டுல யார் வேலைக்குப் போவாங்களோ அவங்ககிட்டதான் அந்த சேதி மொதல்ல போச்சு. எருசலேம்ல பெரிய மனுஷங்க எல்லாம் தூங்கிக்கிட்டு இருந்தாங்க.

சந்தேகப்படறவங்க சொல்றதையும் சொல்லணும். ஒடம்ப சீஷர்கள் திருடிட்டாங்கன்னு அப்பவே பேச்சு இருந்துச்சு, மத்தேயுவே அத எழுதியிருக்காரு. துக்கத்துல இருந்தவங்களுக்கு மனப்பிரமைன்னு இந்த காலத்துல சொல்றாங்க. செத்துப்போன நம்ம ஆளு கனவுல வர்றது, வாசல்ல நிக்கிற மாதிரி தெரியறது யாருக்குத்தான் இல்ல. ஆனா அப்படி தெரிஞ்சா நாம சமாதிக்குப் போய் மாலை போடுவோமே தவிர, சமாதி காலியா இருக்குன்னு ஊர்ல சொல்லிக்கிட்டு திரிய மாட்டோம். அதோட பவுல் துக்கத்துல இல்ல, அவரு கிறிஸ்தவங்கள புடிச்சு ஜெயில்ல போட்டுக்கிட்டு இருந்தவரு. யாக்கோபு இயேசுவோட சகோதரன், உயிரோட இருந்தப்ப அண்ணன நம்பாத குடும்பம்னு யோவான் சொல்றாரு, அந்த ஆளு பின்னாடி எருசலேம் சபைக்கு தலைவராகி 62ல கல்லெறிஞ்சு கொல்லப்பட்டாரு. நம்ம மலாய் கூட்டாளிங்க நம்பிக்கை வேற, ஈசா நபி சிலுவையில சாகவே இல்ல, அல்லாஹ் அவர ஒசத்திக்கிட்டாருன்னு அவங்க நம்புறாங்க, அதனால அவங்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

சுவிசேஷங்களுக்குள்ளயே ஒத்துப்போகாத எடமும் உண்டு. ஒண்ணுல ஒரு தூதன், இன்னொண்ணுல ரெண்டு பேரு. மாற்கு பழைய கையெழுத்துப் பிரதிகள்ல, நாலாம் நூற்றாண்டு சினாய் பிரதியிலயும் வத்திக்கான் பிரதியிலயும், 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோட நின்னுடுது, பொம்பளைங்க பயந்து ஓடுனாங்க, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல, அவ்ளோதான், முடிஞ்சது. மிச்ச வசனமெல்லாம் பின்னாடி சேந்தது. சின்ன வயசுல இது தெரிஞ்சப்ப எனக்கு ஆட்டம் கண்டுச்சு. இப்ப அந்த முடிவுதான் எனக்கு ரொம்ப நெசமா தெரியுது. நாலு பேரும் ஒரே மாதிரி ஒப்பிச்சிருந்தா போலீஸ்காரரே சந்தேகப்படுவாரு லா. வரலாறு காட்டுறது ஒரு எல்லை வரைக்கும்தான், ரோம ஆளுநர் பிலாத்து காலத்துல சிலுவையில செத்தாரு, ரோம ஆசிரியர் டாசிட்டஸே எழுதியிருக்காரு, கொஞ்ச நாள்ல அவரோட ஆளுங்க அவர உயிரோட பாத்தோம்னு சொன்னாங்க, அடிச்சாலும் மாத்திக்கல. அதுக்கு அந்தப் பக்கம் போறது விசுவாசம், அத கணக்கு போட்டு யாரும் நிரூபிக்க முடியாது.

இப்ப அர்த்தத்துக்கு வர்றேன். சிலுவைங்கறது சாகடிக்கிற முறை மட்டும் இல்ல, அது ஒரு தீர்ப்பு. அடிமைக்கும் கலகக்காரனுக்கும் ரோமாபுரி குடுக்குற தண்டனை, அம்மணமா ரோட்டோரம் தொங்க விடுறது, இவன் ஒண்ணுமில்லாதவன்னு ஊருக்குக் காட்டுறது. யூத சட்டத்துலயும் மரத்துல தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன்னு உபாகமத்துல இருக்கு. ஆக ஆயிரம் பேரு பாக்க கோர்ட்டும் கோயிலும் சேந்து இவன் தப்பானவன்னு முத்திரை குத்தியாச்சு. அந்த கேஸ்ல கடவுள் குடுத்த அப்பீல் தீர்ப்புதான் உயிர்த்தெழுதல். நீங்க கொன்னவரைத்தான் தேவன் ஆண்டவரா ஆக்குனாருன்னு பேதுரு அப்போஸ்தலர் 2ல எருசலேம் நடுவுல நின்னு சொல்றது அதுதான், கேட்டவங்களுக்கு நெஞ்சுல குத்துச்சாம். மன்னிப்பும் இங்கதான் நிக்குது. அவரு சாவோட முடிஞ்சிருந்தா அந்த சாவு எனக்காகன்னு யாரு சொல்றது, தோத்துப்போன ஒருத்தரோட சாவுன்னுதான் ஆகியிருக்கும். நாம நீதிமான்களாக்கப்படறதுக்காக எழுப்பப்பட்டாருன்னு ரோமர் 4ல வர்றதுக்கு இதுதான் அர்த்தம்னு நான் புரிஞ்சிக்கிட்டேன்.

மன்னிப்பு எப்படி இருக்கும்னு பாக்கணும்னா யோவான் 21க்குப் போங்க. பேதுரு ராத்திரி முழுக்க வலை போட்டு ஒண்ணும் கெடைக்காம கரைக்கு வர்றாரு, கரையில கரிநெருப்பு, மேல மீன், பக்கத்துல அப்பம், இயேசு நாஷ்டா ரெடி பண்ணி வச்சிருக்காரு. இந்த கரிநெருப்புங்கற வார்த்தை புதிய ஏற்பாட்டுல ரெண்டே எடத்துலதான் வருது. மொதல் தடவ 18ஆம் அதிகாரத்துல, பிரதான ஆசாரியன் வீட்டு முத்தத்துல குளிர் காயறதுக்குப் போட்ட நெருப்பு, அங்க நின்னுதான் பேதுரு அந்தாளை எனக்குத் தெரியாதுன்னு மூணு தடவ சொன்னாரு. ஈக்கான் பாக்கார், அதான் சுட்ட மீன், விக்கிற கடையத் தாண்டி நடந்தவங்களுக்குத் தெரியும், கரி வாடை எப்படி சட்டையில ஒட்டிக்கும்னு. அதே வாடை மூக்குல ஏற, அதே மூணு தடவ, என்னை நேசிக்கிறியான்னு கேள்வி. ஒரு வார்த்தை திட்டு கெடையாது. மொதல்ல வாங்க சாப்பிடலாம், அப்புறம்தான் பேச்சு. செத்தவரு திரும்பி வந்து காட்டிக்குடுத்தவங்கள பழி வாங்குற கதை நமக்கு ஆயிரம் தெரியும், பேய்க்கதை முழுக்க அதுதான். இவரு வந்து மீன் சுட்டுக் குடுத்தாரு.

அப்புறம் தழும்பு. தோமாகிட்ட கையைக் காட்டுறாரு, ஆணி அடிச்ச எடம் அப்படியே இருக்கு. சாவை ஜெயிச்ச ஒடம்புல அத மட்டும் ஏன் அழிக்காம விட்டாங்க? எனக்குத் தெரிஞ்ச பதில், அந்தக் காயம் இல்லன்னா அது வேற ஆளாயிடும். பாட்டியோட வலது கை எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு, கத்தி புடிச்சு புடிச்சு கட்டை விரல் உள்பக்கம் கல்லு மாதிரி காய்ச்சிப் போய், நகத்து ஓரமெல்லாம் பால் கறை ஏறி கறுப்பா, ஆட்காட்டி விரல்ல ஒரு பழைய வெட்டு. மோட்சத்துல ஆவியா பறக்கறப்ப அந்தக் கை இருக்காதுன்னா, நான் பாக்கப்போறது எங்க பாட்டிய இல்ல. விசுவாச அறிக்கையில ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சரீரம் உயிர்த்தெழுதலை நம்புறேன்னு சொல்றோம், கத்தோலிக்கங்க உடலின் உயிர்ப்புன்னு சொல்றாங்க, ஆன்மா தப்பிக்கிறதுன்னு யாரும் சொல்லல. ஆனா சாவு வீட்டுல மட்டும் ஒடம்பு வெறும் கூடு, போய்ச் சேந்துட்டாருன்னு பேசுவோம். பிரசங்கத்துல கூட அப்படித்தான் வருது, எனக்கு அதுல உடன்பாடில்ல.

எப்படிப்பட்ட ஒடம்பு, தொண்ணூறு வயசு ஒடம்பா, இருபது வயசு ஒடம்பான்னு கொரிந்துக்காரங்களும் கேட்டிருக்காங்க. பவுல் பைத்தியக்காரான்னு திட்டிட்டு வெதைய காட்டுறாரு. வெதைச்சது வேற, மொளைச்சது வேற, ஆனா வேற மரம் இல்ல. ரப்பர் கொட்டைய கையில எடுத்துப் பாத்தவங்களுக்கு இத வெளக்கத் தேவையில்ல, புள்ளி புள்ளியா பளபளன்னு ஒரு கொட்டை, அதுக்குள்ள அறுபது அடி மரம் இருக்குன்னு யாரு நம்புவா. 1876ல விக்ஹாம்னு ஒரு வெள்ளைக்காரரு பிரேசில்லேருந்து சுமாரா 70,000 கொட்டைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனாரு, மொளைச்சது மூவாயிரத்துக்கும் கீழ. அதுலேருந்து 22 கன்னு 1877ல சிங்கப்பூர் வந்து சேந்துச்சு, அதுல ஒம்பது நம்ம பக்கத்து கோலா கங்சாருக்கு வந்துச்சு, ஒரு மரம் இன்னும் நிக்குது, போய்ப் பாக்கலாம். அந்த சில கன்னுல ஆரம்பிச்ச தொழிலுக்குத்தான் நம்ம தாத்தா பாட்டியெல்லாம் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாங்க. அது வேற கதை, அழுவுற கதை.

எரிச்சுட்டா என்ன ஆகும்னு இப்ப நெறைய பேரு கேக்குறாங்க, ஏன்னா தோட்டம் கை மாறி கல்லறைக்கு எடம் சுருங்கிக்கிட்டே வருது, நம்ம ஆளுங்களும் மின்சுடலைக்குப் போறாங்க. கத்தோலிக்க சபை 1963லயே தகனத்துக்கு அனுமதி குடுத்துடுச்சு, சாம்பல தூவி விடாம புனிதமான எடத்துல வைக்கணும்னு 2016ல சொல்லுச்சு. இந்தக் கேள்வியும் பழசுதான். கி.பி. 177ல பிரான்ஸ்ல லியோன் பட்டணத்துல கிறிஸ்தவங்கள கொன்னு, ஒடம்ப எரிச்சு, சாம்பல ரோன் ஆத்துல வாரி எறிஞ்சாங்க, இப்ப எந்திரிங்கடா பாப்போம்னு. மிச்சம் இருந்த கிறிஸ்தவங்க அதுக்காக நம்பிக்கைய விடல. மண்ணுலேருந்து மனுஷன பண்ணுனவருக்கு ஆத்துத் தண்ணி ஒரு தடையான்னு போய்க்கிட்டே இருந்தாங்க.

இத நான் எழுதறப்ப என் மனசு சயாம் மரண ரயிலுக்குப் போகுது. 1942லேருந்து 1943 அக்டோபர் வரைக்கும் ஜப்பான்காரன் சயாம்லேருந்து, அதான் இப்ப தாய்லாந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான், மலாயா தோட்டங்கள்லேருந்து தமிழாளுங்கள பல்லாயிரக்கணக்குல புடிச்சிக்கிட்டு போனாங்க. காலரா, மலேரியா, பட்டினி. காஞ்சனபுரியில வெள்ளைக்கார கைதிங்களுக்கு கிட்டத்தட்ட 7,000 சமாதி இருக்கு, வரிசை வரிசையா, பேரு போட்ட தகடு, புல்லு வெட்டி அழகா வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு பேர் போட்ட ஒரு கல்லு கூட கெடையாது, குழியில மொத்தமா போட்டது, காட்டுல விட்டது. எங்க குடும்பத்துலயும் தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் போனாரு, திரும்பல. அவங்கள்ல முக்காவாசி இந்துங்க, அவங்க நம்பிக்கைய நான் என் நம்பிக்கைக்குள்ள இழுக்க மாட்டேன். எனக்கு நான் சொல்லிக்கிறது ஒண்ணுதான், தூக்குன அரசாங்கமும் பொதைச்ச அரசாங்கமும் எழுதாத பேரு வேற எங்கயாச்சும் எழுதியிருக்கணும், இல்லன்னா அந்த சதுசேயருங்க சொன்னதுதான் சரி, காசு உள்ளவன் சமாதி கட்டிக்கிட்டான், இல்லாதவன் எரு ஆனான், முடிஞ்சது கணக்கு.

கிரேக்கத்துல கிறிஸ்தவங்க இடுகாட்டுக்கு தூங்குற எடம்னு பேரு வச்சாங்க, நாம இப்ப செமிட்ரின்னு சொல்றது அந்த வார்த்தைதான். நித்திரையடைந்தார்னு தமிழ்ல போஸ்டர் அடிக்கிறோமே, அதுவும் அதே கணக்கு. தூங்குறவங்கள எழுப்பணும்னா என்ன செய்வீங்க, பேரச் சொல்லி கூப்புடுவீங்க. யோவான் 20ல நடக்கறது அதுதான். மரியாள் கண்ணு முன்னாலதான் அவரு நிக்கிறாரு, அவளுக்கு அடையாளம் தெரியல, தோட்டக்காரன்னு நெனச்சுட்டா. மத்த ஊர்க்காரங்க இந்த வசனத்த படிச்சா செடிக்கு தண்ணி ஊத்துறவருன்னு நெனைப்பாங்க. நமக்கு தோட்டக்காரன்னா வேற, டவுன்ல படிக்கப் போனப்ப தோட்டக்காட்டான்னு கேட்ட காது இது. உயிர்த்தெழுந்தவரு முதல் தடவ யார் கண்ணுல பட்டாரோ அவங்களுக்கு நம்மள மாதிரிதான் தெரிஞ்சிருக்காரு, வேலைக்கு வந்த ஆளு மாதிரி. தேவதூதருங்களைப் பாத்தும் அழுகைய நிறுத்தாதவ, "மரியாளே"ன்னு ஒரு வார்த்தை கேட்டதும் திரும்புனா.

இந்த கதையைத்தான் அன்னிக்கு காடியில அரைகொறையா தம்பிகிட்ட சொன்னேன். அவன் சிக்னல்ல நிக்கறப்ப யோசிச்சிட்டு கேட்டான், "அப்ப உங்க பாட்டிய எந்த பேரச் சொல்லி கூப்புடுவாரு?" கேள்வி சும்மா இல்ல, சமாதிக் கல்லுல இருக்கற பேரும் நாங்க பேசுற பேரும் வேறன்னு அவன் கவனிச்சிருக்கான். அந்த காலத்து தோட்டத்து கணக்கர் கிராணி, ஆள் பேரெழுதுற செக்ரோல்ல காதுல விழுந்தத எழுதுனாரு, அதையே ஐ.சி.யில, அதான் அடையாள கார்டுல, அடிச்சாங்க, அதையே சாவு சர்டிபிகேட்ல போட்டாங்க, அதையே கல்லுலயும் வெட்டிட்டாங்க, வீட்டுல ஒருத்தருக்கும் அத ஒழுங்கா உச்சரிக்க வராது.

நான் வாய தொறக்கறதுக்குள்ள பின்னாடியிலேருந்து அம்மா சொன்னாங்க. "ஐ.சி. பேரா இருக்காதுய்யா. அதச் சொன்னா அவங்க திரும்ப மாட்டாங்க."